ஆறு பெயர்களில் இல்லாத பெரியவர்

போன ஆடியில், ஊட்டியில் மழை விடாமல் பெய்த ஒரு மதியம், ஆய்வு மாணவி ஒருவர் தன் கட்டுரை வரைவை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். கோத்தகிரிச் சரிவுகளில் குறும்பர் மக்கள் பயன்படுத்தும் மூலிகைகளைப் பற்றிய ஆய்வு. மூன்று ஆண்டு உழைப்பு. தலைப்புக்குக் கீழே ஆறு பெயர்கள் இருந்தன.

தாவரவியல் பாடம் நடத்துகிறேன். ஆய்விதழ்களுக்கு வரும் கட்டுரைகளைப் பல ஆண்டுகளாக மதிப்பீடு செய்தும் வருகிறேன். அந்தப் பழக்கத்தில் கேட்டேன்: "ஒவ்வொருத்தரும் என்ன செஞ்சாங்கன்னு சொல்லும்மா."

முதல் பெயர் அவருடையது. இரண்டாவது அவருடைய நெறியாளர். ஆய்வுக் கேள்வியை வகுத்தவர், வரைவை வரி வரியாகத் திருத்தியவர். மூன்றாவது, புள்ளியியல் கணக்குகளைப் போட்டு, அந்தப் பகுதியை எழுதிய தோழி. நான்காவது துறைத்தலைவர். "வனத்துறை லெட்டர்ல கையெழுத்துப் போட்டாங்க மேடம்." ஐந்தாவது வேறு கல்லூரி நண்பர், அவர் கட்டுரையில் இவர் பெயர், இவர் கட்டுரையில் அவர் பெயர் என்று ஏற்பாடு. ஆறாவது பெயருக்கு வந்ததும் குரல் தாழ்ந்தது. "சேக்கச் சொன்னாங்க மேடம்."

"செடியையெல்லாம் உனக்குக் காட்டினது யாரு?"

உடனே முகம் மலர்ந்துவிட்டது. கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். எழுபது வயது மதிக்கத்தக்க பெரியவர், இலையொன்றைக் கசக்கி இந்தப் பெண்ணின் மூக்கருகே நீட்டுகிறார். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு செடிகளை வாசனையால் பிரித்தறிய அவர்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார். களக் குறிப்பேட்டின் பக்கமெல்லாம் அவர் சொன்னதுதான். கட்டுரையிலோ, கடைசியில் ஒரே வரி: உள்ளூர் மக்களுக்கு நன்றி.

1978-இல் வான்கூவரில் முதன்முதலாகக் கூடிய மருத்துவ இதழாசிரியர் குழு வகுத்த விதிகளைத்தான் இன்று பல துறை இதழ்களும் ஒட்டி நடக்கின்றன. அதன்படி கட்டுரையாசிரியர் என்று பெயர் போட நான்கு நிபந்தனைகள் உண்டு. ஆய்வின் திட்டத்திலோ தரவு சேகரிப்பிலோ பகுப்பாய்விலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். கட்டுரையை எழுதியோ, கருத்தளவில் திருத்தியோ இருக்க வேண்டும். இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தர வேண்டும். கட்டுரை முழுவதற்கும் பதில் சொல்லும் பொறுப்பை ஏற்க வேண்டும். நான்கும் சேர்ந்தே இருக்க வேண்டும். நிதி வாங்கித் தந்தது, துறைக்குத் தலைமை வகிப்பது, கடிதத்தில் கையெழுத்திட்டது ஆகியவை மட்டும் போதாது. அவற்றுக்கு நன்றியுரை இருக்கிறது.

நான்காவது நிபந்தனைதான் எனக்கு மிக முக்கியம். எங்கள் மலையின் நீலக்குறிஞ்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2006-இல் பூத்தது, பிறகு 2018-இல் பூத்தது. அந்தப் பூப்பைப் பற்றி ஒருவர் பொய்க் கணக்கு எழுதிவிட்டால், அதே சரிவில் அடுத்த பூப்பைப் பார்த்துச் சரிபார்க்க இன்னொருவர் 2030 வரை காத்திருக்க வேண்டும். அதுவரை அந்தப் பொய்யை நம்பி எத்தனை பேர் ஆய்வு செய்வார்கள்! தவறு தெரிந்து கட்டுரையைத் திரும்பப் பெற்றால் அந்த அறிவிப்பில் எல்லாப் பெயர்களும்தான் வரும். சரிவையே பார்க்காத ஐந்தாமவர் அப்போது என்ன பதில் சொல்வார்?

இந்தப் பண்டமாற்று ஏன் நடக்கிறதென்று எனக்குத் தெரியும். முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் எடுத்துவிட்டது. ஆனாலும் வேலைக்கும் பதவி உயர்வுக்கும் கட்டுரைகளை எண்ணும் பழக்கம் போகவில்லை. அங்கீகரித்த இதழ்களுக்கான கேர் பட்டியலையும் 2025-இல் நிறுத்திவிட்டார்கள். நல்ல இதழா, போலியா என்று பார்க்கும் பாரம் இப்போது நம் தலையில். "ஒரு வாரத்தில் பப்ளிஷ்" என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை மாணவர்கள் நம்பிவிடக் கூடாது. ஐஎஸ்எஸ்என் எண் இருப்பது தரச் சான்று கிடையாது. அது இதழை அடையாளம் காட்டும் எண், அவ்வளவுதான்.

பெரியவர் விஷயத்துக்கு வருகிறேன். அதே விதிகளில் பலர் கவனிக்காத ஒரு வரி உண்டு: முதல் நிபந்தனையை நிறைவு செய்தவருக்கு மற்றவற்றிலும் பங்கேற்க வாய்ப்புத் தர வேண்டும். ஆங்கிலம் தெரியாது என்பது அவரை ஒதுக்கக் காரணமாகாது. "வரைவைத் தமிழ்ல சொல்லி, அவர்கிட்ட வாசிச்சுக் காட்டிட்டு வா" என்று அனுப்பினேன்.

மறுவாரம் வந்தார். முழுவதையும் கேட்ட பெரியவர், இரண்டு செடிகளின் பயன் இடம் மாறியிருந்ததைப் பிடித்துவிட்டாராம். நெறியாளர் கண்ணிலும் படாத பிழை அது. தன் பெயரைப் போடவும், அதில் உள்ளதற்குப் பதில் சொல்லவும் சம்மதித்தார். ஒரு செடியை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். அது வெளியே சொல்கிற மருந்து இல்லை. "பழக்கத்தில் கூட வந்த பிள்ளையிடம் சொல்லிவிட்டேன், அச்சில் வேண்டாம்" என்றிருக்கிறார்.

நெறியாளரிடம் நானே பேசினேன். யார் என்ன செய்தார் என்று இதழ் கேட்கும் படிவத்தை முன்னால் வைத்ததும் அவருக்கும் புரிந்தது. மூன்று பெயர்கள் போயின. அதில் ஒருவர் இன்றுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கட்டுரை நான்கு பெயர்களோடு இதழுக்குப் போனது. பெரியவர் பெயர் இரண்டாவதாக இருந்தது. 42 செடிகள் இருந்த அட்டவணையில் இப்போது 41.