பேட்டரியைக் குறை சொல்லும் முன் ஒயரை அளந்து பாருங்கள்

கானாடுகாத்தான், ஆத்தங்குடி வீடுகளைப் பார்க்க வரும் கேம்பர் வேன்கள் (படுக்கை, பிரிட்ஜோடு தங்கிப் பயணிக்கும் வண்டிகள்) காரைக்குடிப் பட்டறைக்குள் நுழையும்போது பேட்டரி புத்தம்புதிதாக இருக்கிறது, பிரிட்ஜ் மட்டும் ஓடுவதில்லை. வழியில் யாரோ "பேட்டரி போச்சு" என்று சொல்லி மாற்றிவிட்டிருக்கிறார்கள். இந்த வாரமும் ஒன்று. மல்டிமீட்டர் வைத்து வோல்ட் பார்க்காமல் அப்படிச் சொல்பவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

"லைட் எரியுதே, அப்ப ஒயர் நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்கிறார்கள். அங்கேதான் ஏமாறுகிறோம். எல்இடி இழுப்பது அரை ஆம்பியர். பிரிட்ஜ் கம்ப்ரசர் கிளம்பும்போது 10 ஆம்பியர் வரை இழுக்கும். வீட்டு ஒயரிங்கில் மிச்சமான 1 ஸ்கொயர் ஒயரை (செம்பின் குறுக்குப்பரப்பு 1 சதுர மி.மீ.) பேட்டரியிலிருந்து பிரிட்ஜ் வரை 5 மீட்டர் இழுத்திருந்தால், போக வர 10 மீட்டர். அதன் தடை ஏறக்குறைய 0.18 ஓம். எல்இடிக்கு 0.09 வோல்ட் குறைவது கண்ணுக்கே தெரியாது. பிரிட்ஜுக்கோ 1.8 வோல்ட் போய்விடும். பேட்டரியில் 12.4 இருந்தாலும் பிரிட்ஜுக்குப் போய்ச் சேர்வது 10.6. கம்ப்ரசர் கிளம்பும், நிற்கும், மறுபடி கிளம்பும். இதற்குப் பேட்டரி என்ன செய்யும்?

பிரிட்ஜ் இழுத்துக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். கழற்றிவிட்டு அளந்தால் எந்த ஒயரும் நல்ல ஒயர்தான். மீட்டரின் ஒரு முனை பேட்டரி ப்ளஸ்ஸில், மறுமுனை பிரிட்ஜ் ப்ளஸ்ஸில். பிறகு மைனஸிலிருந்து மைனஸுக்கு. எட்டாவிட்டால் மெல்லிய ஒயரை முறுக்கி நீட்டிக்கொள்ளலாம். இரண்டும் சேர்ந்து 0.4 வோல்டைத் தாண்டக் கூடாது. மைனஸ் பக்கம் அதிகமென்றால் மைனஸ் ஒயரை வண்டி பாடியோடு பிடிக்கும் எர்த் போல்டைக் கழற்றுங்கள்: பெரும்பாலும் லக்கின் (ஒயர் முனையிலுள்ள உலோக வளையம்) அடியில் பெயிண்ட் சுரண்டப்படாமலே இருக்கும். உலோகம் பளபளக்கத் தேய்த்து முறுக்குங்கள். ப்ளஸ் பக்கமென்றால் பியூஸ் ஹோல்டரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் குற்றவாளி அதுதான். ஒயரையே மாற்றுவதானால் 6 ஸ்கொயர்.

பேட்டரியையும் பார்க்கத்தான் வேண்டும். "12 வோல்ட் காட்டுது, புல்லா இருக்கு" என்பது தவறு. லெட் ஆசிட் பேட்டரி சில மணி நேரம் ஓய்ந்த பின் 12.7 என்றால் நிறைவு, 12.2 பாதி, 12.0 ஏறக்குறைய கால்வாசி. இஞ்சின் ஓடும்போது இஞ்சினுக்கான முன் பேட்டரியில் 14, பிரிட்ஜ், லைட்டுக்கான பின் பேட்டரியில் 12.3 என்றால் டைனமோவைக் கழற்றாதீர்கள். இரண்டு பேட்டரியையும் இணைக்கும் ரிலேயையும் பியூஸையும் பாருங்கள். எதையும் செருகாவிட்டாலும் இன்வெர்ட்டர் சும்மா 1 ஆம்பியர் குடிக்கும், இரண்டு நாளில் 48 ஆம்பியர் மணி. தூங்கும்முன் அணையுங்கள்.

மின்வேதியியலுக்கென்றே 1953ல் மத்திய ஆய்வகம் திறந்த இந்தக் காரைக்குடியில் பேட்டரிக்கு ஆர்.ஓ. கேன் தண்ணீர் ஊற்றுகிறார்கள்! வளவு முற்றத்தில் பிடித்த மழைத்தண்ணீரும் வேண்டாம். டிஸ்டில்டு வாட்டர் மட்டும்.

தயவுசெய்து ஒன்று: பேட்டரி ப்ளஸ்ஸிலிருந்து ஒரு சாணுக்குள் பியூஸ் இருக்கட்டும், பிரிட்ஜ் லைனுக்கு 15 ஆம்பியர். போனால் ஏன் போனது என்று தேடுங்கள். செம்புக்கம்பி சுற்றாதீர்கள், அந்த ஒயர் பிள்ளைகள் படுக்கும் பெர்த்துக்கு அடியில்தான் போகிறது.