பீர் உங்களுக்கு எப்படிப் பிடிக்கும்?

வயிறு, கல்லீரல் தொந்தரவோடு வருகிறவர்களிடம் "எவ்வளவு குடிப்பீங்க?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "ரெண்டு பீர், டாக்டர். அவ்வளவுதான்." பொய் சொல்கிறார்கள் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. அவர்கள் எண்ணியது இரண்டுதான். எதை 'ஒன்று' என்று எண்ணினார்கள் என்பதை நான்தான் கேட்காமல் விட்டுவிட்டேன்.

சில வருடங்களுக்கு முன் ஒருவர் வந்தார். நாற்பது வயதைத் தாண்டியவர். ஸ்கேனில் ஃபேட்டி லிவர், ரத்தத்தில் ஜிஜிடி (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ஒரு நொதி) எக்கச்சக்கம். அவரும் 'ரெண்டு' என்றார். அதற்கு மேல் எதையும் வாங்க முடியவில்லை. சரி, வேறு வழியாகப் போகலாம் என்று, "பீர் எப்படி இருந்தா உங்களுக்குப் பிடிக்கும்?" என்று கேட்டேன். முகமே மாறிவிட்டது. மக்கை ஃப்ரீசரில் வைத்து உறைய விட வேண்டுமாம். ஸ்ட்ராங் பீராக இருக்க வேண்டுமாம். மக்கில் பாதி குறைந்ததும் நண்பர் மறுபடி நிரப்பிவிடுவாராம். "நுரை மட்டும் கூடாது டாக்டர், நுரை விட்டா அளவுல ஏமாத்துறாங்கன்னு அர்த்தம்." பத்து நிமிடத்தில், பரிசோதனை முடிவுகள் சொல்லாததையெல்லாம் அவரே சொல்லி முடித்துவிட்டார்.

அன்றிலிருந்து நான் முதலில் கேட்பது இந்தக் கேள்வியைத்தான். அளவைக் கேட்டால் மனிதர் கூண்டில் ஏறி நிற்கிறார். ரசனையைக் கேட்டால் நாற்காலியில் சாய்ந்து உட்காருகிறார். ஒருவருடைய உடலுக்குள் எவ்வளவு ஆல்கஹால், எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதைப் பாதிக்கு மேல் தீர்மானிப்பது இந்த ரசனைதான் என்பது என் அனுபவம்.

முதலில் ஒரு கணக்கு. மில்லியை ஆல்கஹால் சதவீதத்தால் பெருக்கி, 0.79ஆல் பெருக்கி, நூறால் வகுத்தால் கிராம் கிடைக்கும். 5 சதவீத பீர் 330 மில்லி கேனில் 13 கிராம். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 500 மில்லியில் 31 கிராமுக்கு மேல். இரண்டுக்கும் பெயர் 'ஒரு பீர்'! பைண்ட் என்கிற சொல்லும் இப்படித்தான்: பிரிட்டனில் 568 மில்லி, அமெரிக்காவில் 473 மில்லி. 'ஒரு டிரிங்க்' என்று மருத்துவக் கையேடுகள் சொல்வதுகூட நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில் ஒரு யூனிட் 8 கிராம், ஆஸ்திரேலியாவில் ஒரு டிரிங்க் 10, அமெரிக்காவில் 14. கல்லீரல் ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக 7 முதல் 10 கிராம்வரைதான் எரிக்கும். அந்த ஸ்ட்ராங் பீர் ஒன்றுக்கே மூன்று, நான்கு மணி நேரம் வேண்டும். நடுவில் காபி குடித்தாலும் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாலும் கல்லீரலின் வேகம் கூடாது.

இனி குளிர்ச்சி. 'ஐஸ் மாதிரி இருக்கணும்' என்பதுதான் நான் அதிகம் கேட்கிற விருப்பம். குளிரில் புளிக்க வைக்கிற லாகர் வகை பீரை 4 முதல் 7 டிகிரியிலும், அதைவிட வெப்பத்தில் புளிக்க வைக்கிற ஏல் வகைகள் பலவற்றை 10 டிகிரிக்கு மேலும் பரிமாறுவது பீர் தெரிந்தவர்கள் வழக்கம். அதற்கும் கீழே போனால் நாக்கு மரத்துப்போகும். இனிப்பையும் கசப்பையும் உணர்கிற சுவை மொட்டுகள் குளிரில் மந்தமாகிவிடும். மணமும் கிளம்பாது. அதனால்தான் சுமாரான பீரைக்கூட நடுங்கும் குளிரில் கொடுத்தால் குறை தெரிவதில்லை. எனக்குக் கவலை வேறு. ஸ்ட்ராங் பீரில் தொண்டையை லேசாகச் சுடுகிற அந்த ஆல்கஹால் காரம் இருக்கிறதே, அதுவும் குளிரில் மறைந்துவிடுகிறது. 'போதும்' என்று உடல் சொல்கிற முதல் சைகை அதுதான். இன்னொன்று, குளிர் பிரியர்கள் அவசரக்காரர்கள். "சூடாயிடும்ல, அதுக்குள்ள முடிச்சிடுவேன்" என்று எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். குளிர்ச்சியை விடச் சொல்லி நான் யாரோடும் சண்டை போடுவதில்லை. சின்ன கிளாஸில் கொஞ்சமாக ஊற்றி, மிச்சத்தைக் குளிரிலேயே வைக்கச் சொல்வேன். கடைசி வாய்வரை ஜில்லென்றும் இருக்கும், விரட்டிக் குடிக்கவும் வேண்டாம்.

பாட்டிலை ஃப்ரீசரில் போட்டு மறந்துவிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சாதாரண பீர் பூஜ்யத்துக்கு இரண்டு மூன்று டிகிரி கீழே உறைந்துவிடும். உறைந்தால் விரியும், பாட்டில் வெடிக்கும். கையில் தையல் போட வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மூடியைப் பல்லால் திறந்து காட்டியவர்களும் உண்டு, அவர்கள் என்னைத் தாண்டிப் பல் மருத்துவரிடம் போனார்கள்.

கிளாஸின் வடிவம் விஷயமா என்று கேட்பீர்கள். நானும் சிரித்தவன்தான். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் 2012இல் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஒரே அளவு லாகரைச் சிலருக்கு நேரான கிளாஸிலும் சிலருக்கு மேலே அகன்று வளைந்த கிளாஸிலும் கொடுத்தார்கள். நேரான கிளாஸில் குடித்தவர்கள் சுமார் 60 சதவீதம் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்கள். குளிர்பானம் கொடுத்தபோது அந்த வித்தியாசம் இல்லை. வளைந்த கிளாஸில் பாதி எது என்று கண்ணுக்குச் சரியாகத் தெரியாததுதான் காரணமாக இருக்கும் என்றார்கள். பாதி குடித்தாயிற்று என்று தெரிந்தால்தானே வேகத்தைக் குறைக்கத் தோன்றும். 2024இல் வெளியான கேம்பிரிட்ஜ் ஆய்வு இன்னும் எளிது. இங்கிலாந்தில் 13 மதுக்கூடங்களில் நான்கு வாரம் பைண்ட் அளவை எடுத்துவிட்டு, அதில் மூன்றில் இரண்டு பங்கை மிகப் பெரிய அளவாக வைத்தார்கள். விற்ற பீரின் மொத்த அளவு சுமார் 10 சதவீதம் குறைந்தது. யாரும் யாருக்கும் அறிவுரை சொல்லவில்லை, கிளாஸை மாற்றியதோடு சரி.

இதைவிட மோசமானது ஜக். நடுவில் ஒரு பிட்சர் இருக்கும், ஒருவர் அன்பாக ஊற்றிக்கொண்டே இருப்பார், கிளாஸ் ஒருபோதும் காலியாகாது. காலியாகாத கிளாஸை எப்படி எண்ணுவது? 'ரெண்டு கிளாஸ்' என்ற பதில் பெரும்பாலும் இங்கிருந்துதான் பிறக்கிறது. முழுவதும் காலியான பிறகே அடுத்ததை ஊற்ற விடுவது என்று வைத்துக்கொண்டால் போதும், மறுநாள் காலையில் கணக்கு நினைவிருக்கும்.

நுரை விஷயத்தில் நான் என் நோயாளிகளுக்கு எதிர்க்கட்சி. பில்சன் பாணி பீர் (பொன்னிற லாகர்) 1842இல் பிறந்த செக் நாட்டில் ஒரே பீரை விதவிதமான நுரை அளவில் ஊற்றி ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் 'ம்லீகோ', அதாவது பால், என்பது கிட்டத்தட்ட முழு கிளாஸும் ஈரமான நுரை. நுரை என்பது பீரிலிருந்து வெளியேறுகிற கார்பன் டை ஆக்சைடு. கிளாஸில் ஊற்றும்போது அது வெளியேறாவிட்டால் எங்கே போகும்? வயிற்றுக்குள்தான். பாட்டிலோடு வாயில் வைத்துக் குடிப்பவர்களுக்கு வயிறு உப்புவதும் புளித்த ஏப்பம் வருவதும் இதனால்தான். பீர் போலப் புளிக்க வைத்த பானங்கள் அமிலச் சுரப்பையும் தூண்டும். ஆல்கஹால் உணவுக்குழாயின் கீழ் வாசலைத் தளர்த்தும். இத்தனையும் சேர்ந்த பின் நேராகப் போய்ப் படுத்தால் நள்ளிரவில் நெஞ்செரிச்சல் வராமல் என்ன செய்யும்? நெஞ்செரிச்சல்காரர்களிடம் நான் சொல்வது: கிளாஸில் ஊற்றுங்கள், நுரை வரட்டும். அளவில் ஏமாற்றம்தான், உங்கள் வயிற்றுக்கு அது லாபம். கிளாஸின் உள்சுவரில் குமிழ்கள் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தால் கிளாஸ் சரியாகக் கழுவப்படவில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

'பாட்டில் வேண்டாம், டிராஃப்ட்தான் (பீப்பாயிலிருந்து குழாயில் பிடிப்பது) ஃப்ரெஷ்' என்பவர்களில் மிகச் சிலருக்கு மட்டும் ஒரு முக்கியமான எச்சரிக்கை. மனச்சோர்வுக்குத் தரப்படும் மருந்துகளில் எம்ஏஓ தடுப்பான்கள் என்று ஒரு பழைய வகை உண்டு. லினிசோலிட் என்கிற ஆன்டிபயாட்டிக்கிற்கும் ஓரளவு அதே குணம் உண்டு. இவற்றை எடுப்பவர்கள் டிராஃப்ட் பீரைத் தொடக் கூடாது. குழாய் வழியாக வரும் பீரில் சில சமயம் டைரமின் என்ற பொருள் அதிகமாக இருக்கும். இந்த மருந்துகள் உடம்பில் இருக்கும்போது அது சிதையாமல் தங்கி, ரத்த அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும். எப்படிப் பரிமாறப்படுகிறது என்பதே உயிருக்கு விஷயமாகிற இடம் இது. மருந்துச் சீட்டை எழுதும்போது 'பீர் குடிப்பீங்களா' என்பதோடு 'எந்த பீர்' என்றும் கேட்பது என் வழக்கம்.

கலப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாதிக்குப் பாதி லெமன் சோடா கலந்த ஷாண்டியில் ஆல்கஹால் பாதியாகும், இரண்டு மடங்கு குடிக்காதவரை. பீருக்குள் விஸ்கி ஊற்றுவது ரசனை அல்ல, அவசரம். 30 மில்லியிலேயே ஒன்பதரை கிராம் கூடிவிடும். நாக்குக்கு அது பீராகவேதான் தெரியும்.

ஆல்கஹால் இல்லாத பீருக்கு மாறியவர்களைக் கண்டால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பல நாடுகளில் 0.5 சதவீதம்வரை இருந்தாலும் 'ஆல்கஹால் இல்லாதது' என்று விற்கலாம். முழுக்க விலக வேண்டியவர்கள் லேபிளைப் படித்துப் பார்க்க வேண்டும். கௌட் (யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்கும் நோய்) உள்ளவர்களுக்கு இன்னொரு சிக்கல். பீரில் பியூரின் உண்டு, அது யூரிக் அமிலமாக மாறும். ஆல்கஹாலை எடுத்துவிட்டாலும் பியூரின் முழுவதும் போய்விடாது. கால் கட்டைவிரல் வீங்கி வருகிறவர், "இப்போ ஜீரோ பீர்தான் டாக்டர்" என்று பெருமையாகச் சொல்லும்போது மனசு கஷ்டமாக இருக்கும்.

இவ்வளவு எழுதியதால், சரியாக ஊற்றிக் குடித்தால் பீர் நல்லது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1988இலேயே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது. நேற்றுவரை தினமும் நிறையக் குடித்தவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றே அடியோடு நிறுத்தவும் வேண்டாம். கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை என்று தொடங்கி வலிப்புவரை போகலாம். மருத்துவர் துணையோடுதான் நிறுத்த வேண்டும்.

அந்த ஃப்ரீசர் மக்காரரை வீட்டுக்குப் போய் மக்கில் தண்ணீர் ஊற்றி அளந்து பார்க்கச் சொன்னேன். 600 மில்லி பிடித்ததாம். 8 சதவீதத்தில் இரண்டு மக் என்றால் ஏறக்குறைய 76 கிராம். சாதாரணக் கேனில் கிட்டத்தட்ட ஆறு. நடுவில் நண்பர் நிரப்பியது தனி. அவர் குடியை விடவில்லை. ஸ்ட்ராங்கை விட்டார், 250 மில்லி கிளாஸுக்கு மாறினார், நண்பரிடமிருந்து ஜக்கைத் தள்ளி வைத்தார். மூன்று மாதத்தில் ஜிஜிடி பாதியாக இறங்கியிருந்தது. கிளாஸ் சின்னதான பிறகு நுரை மேல் அவருக்குக் கோபம் இன்னும் அதிகமாகிவிட்டதாம்.