ஐம்பது வயது டயலில் ஒரு சுருக்கம்கூட இல்லையா?

பழைய கடிகாரத்தை அசல் என்று நம்பி வாங்கி, கடிகாரம் பழுதுபார்க்கும் என்னிடம் கொண்டுவந்தவர்களில் இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். ஈரோட்டில் மஞ்சள் மண்டியில் வேலை பார்க்கும் தம்பி. பழைய எச்.எம்.டி. ஜனதா கைக்கடிகாரம் ஒன்றை என் மேசையில் வைத்து, "பாருங்கள் அண்ணா, அப்படியே புதிது!" என்றார். கண்ணில் லென்ஸை மாட்டிய பிறகு எனக்கு வாய் வரவில்லை. எழுத்தின் ஓரமெல்லாம் மை கசிந்திருந்தது. பெயர் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நிமிடக் கோடுகளில் ஒன்று தடிமன், அடுத்தது மெலிவு. டயல் மறுபூச்சு, அதாவது பழைய முகத்தின் மேல் புதிதாகப் பெயின்ட் அடித்து எழுதியது. கொடுத்த விலையோ அசலுக்கு உரியது.

"மெஷின் ஒரிஜினல்தானே அண்ணா?" என்றார். ஆமாம், மெஷின் அசல்தான். அதற்காக டயலும் அசலாகிவிடுமா? அதைக் கழற்றி மாட்ட எங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

எனக்குக் கோபம் வருவது இந்தப் பளபளப்பு மோகத்தின் மேல்தான். எச்.எம்.டி. 1961-இல் சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டோடு பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கியது. 2016-இல் அந்தப் பிரிவை மூட அரசு முடிவெடுத்தது. இடையில் தறிப்பட்டறையிலும் வயலிலும் வியர்வையோடு கையில் கிடந்த கடிகாரத்தின் முகம் மட்டும் நேற்றுப் பிறந்ததுபோல் இருக்குமா? வெளிக்கூடான கேஸ் தேய்ந்திருக்கிறது, சாவி வழவழத்துப் போயிருக்கிறது, டயல் மட்டும் மின்னுகிறது என்றால் சந்தேகம் வர வேண்டாமா? மண்டியில் பாலிஷ் போட்ட மஞ்சளைக்கூட உடைத்துப் பார்த்துத்தானே தம்பி விலை சொல்கிறீர்கள்!

ஒளிரும் பூச்சும் காட்டிக்கொடுக்கும். ரேடியம் கலந்த ஒளிரும் பூச்சு வைத்த பழைய டயல் இருட்டில் மங்கிக் கிடப்பதுதான் இயல்பு. விளக்குக் காட்டியதும் பச்சையாக எரிந்து நெடுநேரம் நின்றால் அது பின்னால் வைத்த பூச்சு. மங்கிவிட்டதே என்று அதைச் சுரண்டிவிடாதீர்கள். ஒளிதான் போயிருக்கிறது, ரேடியம் போகவில்லை. அந்தக் கதிரியக்கப் பொருள் பாதியாகக் குறையவே சுமார் 1600 ஆண்டுகள் ஆகும். அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது.

ஜப்பானின் சீக்கோ கடிகாரம் என்றால் டயலின் அடி ஓரத்தில் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். பெரும்பாலும் அதன் முதல் நான்கு இலக்கங்கள் மெஷினின் எண்தான். மறுபூச்சுக்காரர்கள் பலர் அதை எழுதுவதே இல்லை. தேதிச் சாளரத்தின் விளிம்பில் பெயின்ட் திரண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். படம் பார்த்து வாங்குவதென்றால், டயலின் படம் நேராக, கண்ணாடி மினுக்கம் இல்லாமல் வேண்டும் என்று விற்பவரிடம் கேளுங்கள். தர மறுத்தால் வாங்காதீர்கள்.

மறுபூச்சே பாவம் என்று நான் சொல்லவில்லை. கேட்டவர்களுக்கு நானும் செய்வித்துக் கொடுத்திருக்கிறேன், ரசீதில் எழுதித்தான்.

அப்பாவின் கடிகாரம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கெஞ்சல். கறை இருந்தால் இருக்கட்டும், ஈரப் பஞ்சால் டயலைத் துடைக்காதீர்கள். போன வாரம் கோபியிலிருந்து வந்த ஓர் அம்மா கடிகாரத்தோடு அந்தப் பஞ்சையும் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்தார். பெயரின் பாதி எழுத்துகள் அதில்தான் இருந்தன.