கண்ணாடி போட்ட பழைய படத்தில் கிளேர்: எது திரும்பும், எது திரும்பாது

சுவரில் மாட்டியிருக்கும் தாத்தா பாட்டி படத்தை அப்படியே கைபேசியில் எடுத்து, "கன்னத்துல டியூப்லைட் விழுந்திருக்கு, அதை மட்டும் எடுத்துட்டு 12×18 போட்டுக் கொடுங்க" என்று ஸ்டுடியோவுக்கு அனுப்புகிறவர்கள் நிறைய. மென்பொருளுக்கு அது சின்ன வேலை என்பது பொதுவான நம்பிக்கை. இப்படிக் கண்ணாடியில் பட்டுப் படத்தின் மேல் விழும் வெளிச்சத் திட்டுதான் கிளேர். சில கிளேர் உண்மையிலேயே சின்ன வேலைதான். சிலவற்றை எந்த மென்பொருளும் எடுக்காது, மேலே வேறொன்றை வரைந்து மூடத்தான் செய்யும். வீட்டில் இருக்கிற ஒரே படம் என்றால் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது அவசியம்.

கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி, உள்ளேயிருக்கும் படத்தின் ஒளியோடு கூடுகிறது. ஜேபெக் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 0 முதல் 255 வரைதான் இடம். கூட்டுத்தொகை 255-ஐத் தொடாதவரை அடியில் படம் இருக்கிறது, கூடியதைக் கழித்தால் வெளியே வரும். 255-ல் முட்டிவிட்டால் அங்கே கன்னமும் இல்லை, சுருக்கமும் இல்லை, வெறும் வெள்ளை. ஃபோட்டோஷாப்பில் வெளிச்ச அளவுகளைக் காட்டும் லெவல்ஸைத் திறந்து, ஆல்ட் விசையை அழுத்தியபடி வலது முனை முக்கோணத்தைச் சொடுக்கிப் பிடியுங்கள். திரை கறுத்து, முட்டிப்போன இடங்கள் மட்டும் தெரியும். முகத்தின் நடுவில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் கருவிகளை மூடிவிட்டு மறுபடி படமெடுப்பதுதான் சரி.

மறுபடி எடுக்கும்போது ஒன்று போதாது, குறைந்தது இரண்டு எடுங்கள். கைபேசியை ஸ்டாண்டில் நிறுத்தி, திரையில் அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரை, அதாவது வெளிச்ச அளவை, பூட்டிவிடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். முதல் படம் இடப்பக்க ஜன்னல் வெளிச்சத்தில், அடுத்தது அதை மூடி வலப்பக்க வெளிச்சத்தில். திட்டு இரண்டிலும் ஒரே இடத்தில் விழக்கூடாது. கண்ணாடியில் உங்கள் உருவம் தெரிந்தால், லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்ட கறுப்புத் துணியை முன்னால் பிடியுங்கள்.

இரண்டையும் ஒரே கோப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக லேயர்களாக வைத்து, எடிட் பட்டியலில் ஆட்டோ அலைன் லேயர்ஸ் கொடுத்து, மேல் லேயர் கீழுள்ளதோடு கலக்கும் விதமான பிளெண்ட் மோடை டார்க்கன் ஆக்குங்கள். கிளேர் வெளிச்சத்தைக் கூட்டுமே தவிர குறைக்காது, அதனால் இரண்டில் எது கருமையோ அதுவே படத்துக்கு நெருக்கம். இலவச மென்பொருளான ஜிம்ப்பில் இதற்கு டார்க்கன் ஒன்லி என்று பெயர், ஆனால் லேயரைக் கையால் பொருத்த வேண்டியிருக்கும். கொஞ்சம் பிசகினாலும் புருவமும் உதட்டுக்கோடும் தடித்துவிடும். அதனால் மேல் லேயருக்கு அதை முழுதாக மறைக்கும் கறுப்பு மாஸ்க் போட்டு, கீழ் லேயரில் திட்டு இருந்த இடத்தில் மட்டும் வெள்ளை பிரஷால் திறந்துவிடுங்கள். கணினி இல்லாதவர்களுக்கு 2016-ல் கூகுள் வெளியிட்ட ஃபோட்டோஸ்கேன் செயலி இதே வேலையைச் செய்கிறது. கைபேசியை நான்கு புள்ளிகளுக்கு நகர்த்தச் சொல்லி, எடுத்தவற்றைச் சேர்த்துக் கிளேரைக் குறைத்துத் தரும்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டால் வேலையே இல்லையே என்று தோன்றும். கழற்றலாம், ஆனால் பார்த்து. ஈரம் பட்ட பழைய படங்களில் மேற்பூச்சு ஜெலட்டின் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும். பலவந்தமாக இழுத்தால் முகம் கண்ணாடியோடு உரிந்து வந்துவிடும். ஓரத்தைத் தூக்கும்போதே இழுவை தெரிந்தால் அப்படியே விட்டு, கண்ணாடிக்கு மேலேயே எடுங்கள். தேன்கூடு மாதிரி சொரசொரப்பான தாளில் அடித்த பழைய பிரிண்ட்டுகள் கண்ணாடி இல்லாமலேயே பொடிப்பொடியாக மினுங்கும். அவற்றை ஸ்கேனரில் 600 டிபிஐ-யில் ஒருமுறை, 180 பாகை திருப்பி இன்னொருமுறை எடுத்து, நிமிர்த்திப் பொருத்தி, மேல் லேயருக்கு 50 சதவீத ஒப்பாசிட்டி (அடர்த்தி) கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

மறுபடி எடுக்க வழியில்லை, திட்டும் முழுதாக வெளுக்கவில்லை என்றால் முதலில் சிவப்பு, பச்சை, நீலச் சேனல்களைத் தனித்தனியாகப் பாருங்கள். ஜன்னல் வழியாக விழும் வானத்தின் ஒளி நீலம் கலந்தது. நீலச் சேனல் முட்டியிருந்தாலும் சிவப்புச் சேனலில் முகம் மிச்சமிருக்கலாம். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அந்த ஒரு சேனலே போதும். அடுத்து, ஒரு கோட்டை வளைத்து வெளிச்சத்தை மாற்றும் கர்வ்ஸ் லேயர் ஒன்று. திட்டுக்குள் இருக்கும் தலைமுடியின் கருமை 60-க்கு ஏறியிருந்தால், கோட்டின் இடது முனையை அடிமட்டத்திலேயே 60 வரை நகர்த்துங்கள். மாஸ்க்கைக் கறுப்பாக்கி, ஓரம் மிருதுவான பிரஷில் ஃப்ளோ 10 சதவீதம் வைத்து, மெல்ல மெல்லத் திறந்துவிடுங்கள். அவசரப்பட்டால் திட்டைச் சுற்றி அழுக்கு வளையம் வரும்.

மிஞ்சும் சின்னச் சின்ன வெள்ளைக்கு ஹீலிங் பிரஷை முதலில் எடுக்காதீர்கள். அது சுற்றியிருக்கும் நிறத்தோடு கலந்து நிரப்பும் கருவி, திட்டின் ஓரத்தில் வைத்தால் வெள்ளையையே இழுத்து ஈஷிவிடும். படத்தை நகலெடுத்த லேயரில், ஓரிடத்தை எடுத்து இன்னோரிடத்தில் பதிக்கும் குளோன் ஸ்டாம்ப், மோட் டார்க்கன், ஒப்பாசிட்டி 30 சதவீதம். எடுத்த இடத்தைவிட வெளுத்த புள்ளிகளை மட்டுமே அது தொடும், கருமையான கோடுகளை விட்டுவிடும். ஹீலிங் அதற்குப் பிறகு.

செயற்கை நுண்ணறிவு நிரப்பிகளைச் சுவர், புடவை, நாற்காலி என்று பின்னணிக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். முகத்தில் வேண்டாம். அவை அங்கே இருந்ததைக் கண்டுபிடிப்பதில்லை, இருக்கக்கூடியதை ஊகித்து வரைகின்றன. மரு மறையும், பல்வரிசை சீராகும், கண் வேறொருவர் கண் ஆகும். பாட்டியைப் பார்த்திராத பேரப்பிள்ளைகளுக்கு அந்த முகம்தான் பாட்டி என்று பதிந்துவிடும். முகத்தில் தெரியாத இடத்தை மங்கலாக விட்டுவைப்பது எவ்வளவோ மேல். மூக்குத்தியின் மினுக்கலும் கண்மணியில் தெரியும் வெள்ளைப் புள்ளியும் கிளேர் அல்ல. தானியங்கிக் கருவிகள் அவற்றையும் துடைத்துவிடும். கண்ணின் புள்ளி போனால் பார்வையே செத்துவிடும்.

சரிசெய்த இடம் மட்டும் வழவழப்பாகத் தெரிந்தால், அந்த லேயருக்குப் பொடிப்புள்ளிகள் சேர்க்கும் ஆட் நாய்ஸில் மோனோக்ரோமேட்டிக் டிக் செய்து 2 முதல் 3 சதவீதம் கொடுங்கள். 12×18 அங்குலத்துக்கு 300 டிபிஐ-யில் 3600×5400 புள்ளிகள் வேண்டும், எனவே வாட்ஸாப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். பெரிய பிரிண்ட் போடுமுன், முகப்பகுதியை மட்டும் அதே அளவில் வெட்டி ஒரு 4×6 தாளில் அடித்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கைபேசித் திரையில் தெரியாத திட்டின் ஓரம் தாளில் தெரிந்துவிடும்.