மெமோரியல்: நினைவுச்சின்னமா, நடுகல்லா?

'மெமோரியல்', 'மான்யுமென்ட்' இரண்டையுமே 'நினைவுச்சின்னம்' என்று எழுதிவிடுகிறோம். தொல்லியல் துறையின் வழக்கில் தஞ்சைப் பெரிய கோயிலும் நினைவுச்சின்னம்தான்; அங்கே யாருக்காக அழுவது?

இரண்டும் லத்தீனிலிருந்து வந்தவை. முன்னது 'நினைவில் வைத்திருக்கும்' என்னும் பொருளுள்ள 'மெமோர்' வழி வந்தது. பின்னதன் வேர் 'மோனேரே': நினைவூட்டு, எச்சரி. ஜெர்மானியர் இந்த எச்சரிக்கைக்கென்றே 'மான்மால்' என்று தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். நம் கூட்டுச்சொல்லில் 'நினைவு' தமிழ். 'சின்னம்' அடையாளத்தைக் குறிக்கும் வடசொல். எச்சரிக்கை அதில் இல்லை.

'நடுகல்' என்று எழுதலாமே என்பார்கள். போரிலும் ஆநிரை மீட்பதிலும் பட்ட வீரனுக்கு, பெயரும் பெருமையும் பொறித்து, மயிற்பீலி சூட்டி நட்ட கல் அது. சங்கப் பாடல்களிலேயே உள்ள பழஞ்சொல். ஆனால் எல்லா இடத்துக்கும் அது பொருந்தாது.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், மான்ட்கோமரி நகரில், 2018 ஏப்ரலில் திறந்த நினைவிடத்தைப் பாருங்கள். வழக்கறிஞர் பிரையன் ஸ்டீவன்சனின் அமைப்பு எழுப்பியது. 1877 முதல் 1950 வரை வெள்ளையர் கும்பல்கள் விசாரணையின்றிக் கொன்ற கறுப்பின மக்கள் 4,400 பேருக்கும் மேல் என்பது அவர்கள் கணக்கு. கொலை நடந்த ஒவ்வொரு கவுண்டிக்கும் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) ஓர் ஆளுயர எஃகுத் தூண், 800க்கும் அதிகம். துரு ஏறிப் பழுப்பாகும் உலோகம். தூணில் பெயர்களும் தேதிகளும் இருக்கின்றன. பெயர் தெரியாதவருக்கு 'அறியப்படாதவர்' என்றே பொறித்திருக்கிறார்கள். நடக்க நடக்கத் தரை சரிந்து இறங்க, கண்மட்டத்தில் இருந்த தூண்கள் தலைக்குமேல் தொங்கத் தொடங்குகின்றன. மரத்தில் தொங்கவிடப்பட்டவர்களுக்கு நட்ட கல் எப்படிப் பொருந்தும்? வெளியே அமெரிக்கக் கலைஞர் ஹாங்க் வில்லிஸ் தாமஸின் சிற்பத்தில், கான்கிரீட்டில் புதைந்த கறுப்பின ஆண்கள் கைகளை உயர்த்தி நிற்கிறார்கள். போரிட்டு விழுந்த வீரனின் தோற்றம் அன்று அது.

ஆகவே இடத்துக்கு 'நினைவிடம்', சிற்பத்துக்கு 'நினைவுச் சிற்பம்' என்பதே என் தேர்வு. 'சின்னம்' கோயிலுக்கும் கோட்டைக்கும் இருக்கட்டும்.

ஒரு விலக்கு உண்டு. ஒவ்வொரு தூணுக்கும் ஒரு நகல் வெளியே சவப்பெட்டிபோல் கிடத்தப்பட்டிருக்கிறது. அந்தந்தக் கவுண்டி வந்து தன் பழியை ஒப்புக்கொண்டு எடுத்துப்போய், தன் மண்ணில் நிறுத்துவதற்காக. அப்படி நிறுத்தப்படும் தூணை நடுகல் என்று அழைக்க எனக்குத் தடையில்லை.