ஸ்கல்லரி மெய்ட்: துலக்கறைப் பணிப்பெண்

இங்கிலாந்தின் பழைய மாளிகைகளைப் பற்றிய மொழிபெயர்ப்புகளில் 'ஸ்கல்லரி மெய்ட்' என்பவளைப் பெரும்பாலும் 'சமையலறைப் பணிப்பெண்' என்றே எழுதிவிடுகிறார்கள். இது தவறு. சமையலறைப் பணிப்பெண் காய் நறுக்குவாள், சமையல் பழகுவாள், ஒருநாள் தலைமைச் சமையற்காரியாகவும் ஆகலாம். ஸ்கல்லரி மெய்ட் அவளுக்கும் கீழே, பணியாளர் வரிசையின் கடைசிப் படியில் இருந்தவள்.

லத்தீனில் 'ஸ்குட்டெல்லா' என்றால் சிறு தட்டு. அது பழைய பிரெஞ்சில் 'எஸ்குவெல்' ஆகி, தட்டுகளைப் பேணும் பிரிவைக் குறிக்கும் சொல்லாக வளர்ந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அப்போது ஸ்கல்லரி என்பது அரண்மனையில் அதிகாரிகளைக் கொண்ட ஒரு துறை; பிற்காலத்தில்தான் அது பற்றுப் பாத்திரம் தேய்க்கும் ஈரமான பின்னறையாகச் சுருங்கியது.

அந்த அறையில் நின்றவள் பெரும்பாலும் பதின்ம வயதுச் சிறுமி. செம்புப் பாத்திரத்தில் களிம்பு ஏறினால் உணவு நஞ்சாகும் என்பதால், மணலையும் உப்பையும் புளிக்காடியையும் குழைத்து வெறுங்கையால் ஒவ்வொன்றையும் தேய்த்தாள். சோடா உப்புக் கரைத்த வெந்நீரில் ஏற்கெனவே வெடித்திருந்த விரல்களில் அந்தக் காடி பட்டால் எப்படி எரிந்திருக்கும்! சசெக்ஸிலுள்ள பெட்வொர்த் மாளிகையில் செம்புக் கலங்கள் மட்டுமே 1,000-க்கு மேல் உள்ளன. 1861-இல் வெளிவந்த இசபெல்லா பீட்டனின் இல்லப் பராமரிப்பு நூல் சமையற்காரிக்கு ஆண்டுச் சம்பளமாக 14 முதல் 30 பவுண்டு வரை குறிக்கும்போது, இவளுக்குக் குறித்தது 5 முதல் 9 பவுண்டு.

தமிழில் இவளை எப்படிச் சொல்வது? 'குற்றேவல்' நல்ல பழஞ்சொல்தான்; ஆனால் திருப்பாவையில் ஆண்டாள் அதை இறைவனுக்கு விரும்பிச் செய்யும் தொண்டுக்கு ஆண்டிருப்பதால், வயிற்றுப்பாட்டுக்காகச் செய்த இந்த உழைப்புக்கு அது பொருந்தவில்லை. நம் வீடுகளில் பாத்திரத்தைத் 'துலக்குகிறோம்'. தேய்ப்பது, பளபளக்கச் செய்வது ஆகிய இரண்டும் அந்த ஒரு வினையில் இருப்பதால், அறையைத் 'துலக்கறை' என்றும் அவளைத் 'துலக்கறைப் பணிப்பெண்' என்றும் சொல்லலாம் என்பது என் பரிந்துரை.

ஒலி ஒத்திருப்பதால், சமையலறையில் எடுபிடி வேலை செய்தவரைக் குறிக்கும் 'ஸ்கல்லியன்' என்ற சொல்லையும் இதனோடு சேர்த்துவிடக் கூடாது. அதன் வேர் துடைப்பத்தைக் குறிக்கும் வேறொரு பிரெஞ்சுச் சொல் என்றே கருதப்படுகிறது. அதற்கு 'அடுக்களை எடுபிடி' என்பதே பொருந்தும்.