ரத்த வகையோடு சேர்ந்து வந்த நோய்

நகம் சரியாக வளராது. முழங்கால் சில்லு சிறுத்திருக்கும், சிலருக்கு இருக்கவே இருக்காது. நெயில்-பட்டெல்லா (நகம்-முழங்கால் சில்லு) நோய் என்ற அரிதான பரம்பரை நோய் இது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. இந்த நோயுள்ள குடும்பங்களின் ரத்த வகைகளை ஜேம்ஸ் ரென்விக், சில்வியா லாலர் என்ற மரபியல் ஆய்வாளர்கள் இருவரும் ஆராய்ந்தார்கள். நோயும் ஏபிஓ ரத்த வகையும் பெரும்பாலும் சேர்ந்தே அடுத்த தலைமுறைக்குப் போவதை 1955இல் வெளியிட்டார்கள்.

அப்படியென்றால் ரத்த வகைதான் நோயைத் தருகிறதா? இல்லவே இல்லை. ஒரு குடும்பத்தில் நோய் ஏ வகையோடு வரும், இன்னொன்றில் பி வகையோடு வரும். இரண்டு மரபணுக்களும் 9ஆம் குரோமோசோமில் கிட்டக்கிட்ட இருக்கின்றன, அவ்வளவுதான் உறவு. இதைத்தான் மரபணுப் பிணைப்பு என்கிறோம். ஒன்றாக வருவதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது. பரம்பரை நோய்களைப் பற்றிப் பேசும்போது பலரும் தடுமாறும் இடம் இது.

சரி, ஏன் சேர்ந்து வருகின்றன? நம் செல்களில் 23 ஜோடி குரோமோசோம்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அம்மாவிடமிருந்து வந்தது, மற்றது அப்பாவிடமிருந்து. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது ஜோடிக்கு ஒன்றுதான் அதற்குள் போகும். அதற்கு முன்பே இரண்டும் ஒட்டி நின்று துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. குறுக்கேற்றம் எனப்படும் இந்தப் பரிமாற்றத்தில், தள்ளியிருக்கும் மரபணுக்கள் எளிதில் பிரிந்துவிடும். பக்கத்தில் இருப்பவை அபூர்வமாகத்தான் பிரியும். அதனால் எத்தனை முறை பிரிகின்றன என்று எண்ணியே தூரத்தை அளக்கலாம். நூற்றுக்கு ஒரு முறை என்றால் தூரம் ஒரு சென்டிமார்கன்; இதுதான் அளவின் அலகு. நக நோயின் மரபணுவுக்கும் ரத்த வகை மரபணுவுக்கும் இடையே சுமார் 10 சென்டிமார்கன். கண்ணில் படாத மரபணுவின் இடத்தை, யாருக்கு என்ன வந்தது என்ற குடும்பக் கணக்கிலிருந்தே குறித்துவிட முடிவது எனக்கு இன்றும் வியப்புதான்.

பெரும்பாலும் நடுவயதில் தொடங்கி மூளையைச் சிதைக்கும் ஹண்டிங்டன் நோயிலும் இதே வழிதான் கைகொடுத்தது. வெனிசுவேலாவின் மரக்காய்போ ஏரிப் பகுதியில் இந்நோய் பரம்பரையாக வரும் பெரிய குடும்பம் ஒன்று ஆய்வுக்கு ரத்தம் கொடுத்தது. 1983இல் ஜேம்ஸ் குசெல்லாவின் குழு 4ஆம் குரோமோசோமில் நோயோடு சேர்ந்து வரும் ஒரு டிஎன்ஏ அடையாளத்தை, அதாவது ஆளுக்கு ஆள் வடிவம் மாறும் ஓர் இடத்தை, கண்டது. மரபணு கையில் கிடைத்தது 1993இல்தான். இடைப்பட்ட காலத்தில், தனக்கு நோய் வருமா என்று தெரிந்துகொள்ள ஒருவருடைய ரத்தம் மட்டும் போதவில்லை. அந்தக் குடும்பத்தில் அடையாளத்தின் எந்த வடிவம் நோயோடு வருகிறது என்று அறிய, உறவினர்களும் ரத்தம் கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது அந்த மரபணுவில் சிஏஜி என்ற மூன்று டிஎன்ஏ எழுத்துகளின் தொடர் எத்தனை முறை திரும்ப வருகிறது என்று நேரடியாகவே எண்ணிவிடுகிறார்கள்.

பிணைப்புக்கு இன்னும் வேலை இருக்கிறது. செயற்கைக் கருத்தரிப்பில் உருவான கருவுக்குப் பரம்பரை நோய் இருக்கிறதா என்று பார்க்க, அதிலிருந்து எடுக்கும் சில செல்களில் டிஎன்ஏ மிகக் குறைவு. மரபணுவின் நோய் தரும் பிரதி சோதனையில் தென்படாமலே போகலாம். அதனால் அக்கம்பக்கத்து அடையாளங்களையும் சேர்த்துப் பார்த்து, அவையும் ஒத்துவருகின்றனவா என்று சரிபார்க்கிறார்கள்.